பலூன் டீச்சர் கரைத்த ஆரத்தி

முதல் நாள் ராதாமணி எங்கள் பள்ளி வாசலில் ஒயர் கூடையோடு வந்து நின்றபோது, ஊறுகாய் விற்க வந்தவர் என்றுதான் நினைத்தேன். "ஒண்ணும் வேணாம்மா, போயிட்டு வாங்க" என்று உள்ளே இருந்தபடியே கத்தினேன். நான் அப்படித்தான். பெயர் முனீஸ்வரி, திருவாதவூர் பக்கம் ஒரு சின்ன ஊரில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. ஊர்ப் பெயர் வேண்டாம், பள்ளிக்கூடத்தின் மானத்தை நானே ஏன் வாங்க வேண்டும்? மூன்று அறை, அறுபத்திரண்டு பிள்ளைகள், நானும் இன்னொரு வாத்தியாரும். வாசலில் யார் வந்து நின்றாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும்.

அந்த அம்மா நகரவில்லை. "விக்க வரல டீச்சர். பிள்ளைகளுக்கு சயின்ஸ் செஞ்சு காட்டலாம்னு வந்தேன். கூடையில இருக்கறது எல்லாமே அடுப்பங்கரைச் சாமான்தான்" என்றார்.

தண்ணீர் பாட்டிலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தார். ஒரு பலூனுக்குள் ஆப்பச்சோடாவைப் போட்டு, அதன் வாயை பாட்டில் வாயில் மாட்டி, பலூனைத் தூக்கி நிமிர்த்தினார். சோடா உள்ளே விழுந்ததும் புஸ்ஸென்று நுரை பொங்கியது, யாரும் ஊதாமலே பலூன் உப்பிக்கொண்டு எழுந்தது. "ஏ ஆத்தீ!" என்று ஒரு கத்தல். பார்த்தால் கத்தியது நான். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கே அவருக்கு பலூன் டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது.

அதன் பிறகு மூன்று வருடம், வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். பழங்காநத்தத்திலிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து எங்கள் ஊர் பஸ். உப்புத் தண்ணீரில் முட்டை மிதந்தது. தட்டில் எரியும் மெழுகுவர்த்தியின் மேல் டம்ளரைக் கவிழ்த்தால் சுற்றியிருந்த தண்ணீர் டம்ளருக்குள் ஏறியது. எதைச் செய்து காட்டினாலும் கடைசியில் "ஏன்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். பிள்ளைகள் ஆளுக்கொன்று உளறி, சண்டை போட்டு, ஏதாவது ஒரு பக்கம் வந்து சேரும்வரை விடை சொல்ல மாட்டார். எனக்குத்தான் பொறுக்காது. "சொல்லித் தொலைங்களேன்க்கா" என்பேன்.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். சௌராஷ்டிரக் குடும்பம். சொட்டுச் சொட்டாக எதையாவது விடும்போது மட்டும் அவர்கள் வீட்டுப் பாஷையில் எண்ணுவார். கணவர் ஹரிராம் ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேனாக இருந்தவர், மாரடைப்பில் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. ஒரு தனியார் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட்டாக இருபத்திரண்டு வருடம் கண்ணாடிக் குழாய் கழுவியவரை கொரோனா சமயத்தில் நிறுத்திவிட்டார்கள். அப்போது கிளம்பியதுதான் இந்தக் கூடை. முதலில் சமயநல்லூர்ப் பக்கமும் இரண்டு பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே புதிதாக வந்தவர்கள் அனுமதிக் கடிதம் கொண்டு வா என்றார்கள். இவர் கடிதத்துக்கு எங்கே போவார்? கடைசியில் மிஞ்சியது எங்கள் பள்ளி மட்டும்தான். "வீட்ல எல்லாரும் சௌக்கியமாக்கா?" என்று வாரா வாரம் கேட்பேன். "எல்லாரும் சௌக்கியம் டீச்சர்" என்பார். எல்லாரும் என்றால் யார் யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பிப்ரவரி இருபத்தெட்டு, அறிவியல் தினம். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. மேலேயிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் அவர் முன்னால் செய்து காட்ட, ராதாமணி பத்து நாளாகப் பழக்கி வைத்திருந்தார். அன்று புதுச் சேலை வேறு கட்டி வந்திருந்தார். பெரிய மனிதர் வந்தால் வாசலில் ஆரத்தி எடுக்க வேண்டாமா? அறிவியல் தினமாக இருந்தால் என்ன, நம் வழக்கம் நமக்கு. நான்தான் சொன்னேன்: "ராதாமணிக்கா, மஞ்சளும் சுண்ணாம்பும் உங்க டிபார்ட்மெண்டு. ஒரு தட்டு கரைச்சு வச்சுருங்க."

அவர் அதையும் பாடமாக்கிவிட்டார். தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர். சுற்றிலும் பிள்ளைகள். துளி சுண்ணாம்பைப் போட்டு விரலால் கலக்கியதும் தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது. "ஏன்?" என்றார். "சுண்ணாம்பு காரம் டீச்சர்! காரம் பட்டா மஞ்சள் செவக்கும்!" என்று சூரியபிரகாஷ் தொண்டை கிழியக் கத்தினான். "நீங்களே சுத்துங்க டீச்சர், நீங்களே சுத்துங்க" என்று பிள்ளைகள் பிடித்துத் தள்ளினார்கள். ராதாமணி சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிவிட்டார். அப்படியொரு சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. வாசலைப் பார்த்து நாலு எட்டு வைத்தார்.

சத்துணவு மாயக்காள் சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள். "அய்யய்யோ, குடு தாயி, குடு! நீ எடுக்கப்படாது. நல்ல காரியம் பாரு" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். மாயக்காள் கெட்டவள் இல்லை. ராதாமணிக்கு முதல் சோறு போடுகிறவளே அவள்தான். ராதாமணி எப்போதும் நெற்றியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் பொட்டு வைத்திருப்பார், பார்த்தால் விதவை என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அவர் புருஷன் இல்லாதவர் என்று மாயக்காளிடம் சொன்னது நான்தான்.

"ஏன் எடுக்கக் கூடாது?" என்று கேட்டது ஒரு குட்டிப் பெண். மூன்று வருடமாக அவர் பழக்கிய கேள்வி. ராதாமணி என்னைத்தான் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "அவுக எடுக்கட்டும் மாயக்கா" என்று சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? கேட் பக்கம் ஜீப் சத்தம் கேட்டது. "வண்டி வந்துருச்சு, வண்டி வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டு நான் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டேன்.

ராதாமணி கூடையிலிருந்து அரை மூடி எலுமிச்சையை எடுத்தார். மாயக்காள் கையில் இருந்த தட்டிலேயே கடைசிச் சொட்டுவரை பிழிந்து, விரலை விட்டுக் கலக்கினார். சிவப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்து மஞ்சளானது. இதுவும் ஒரு சோதனை என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"இப்ப இது வெறும் மஞ்சத்தண்ணி மாயக்கா. இதை நான் தொட்டா யாருக்கும் ஒண்ணும் ஆயிராது" என்றார். குரல் உயரவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு, ஜீப்பிலிருந்து இறங்கியவரைத் தாண்டி நடந்து போனார். மாயக்காள் அவசர அவசரமாக இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைப் போட்டாள், தண்ணீர் மறுபடியும் சிவந்தது, ஆரத்தி நடந்தது. அதிகாரி பிள்ளைகளைப் பாராட்டினார். நான் சால்வை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. உடம்பு சரியில்லையாம் என்று பிள்ளைகளிடம் பொய் சொன்னேன். மறுநாள் சனிக்கிழமை, விலாசம் விசாரித்துக்கொண்டு பழங்காநத்தம் போனேன். மாடியில் ஒற்றை அறை. அலமாரியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். மீதியெல்லாம் பாட்டில்கள், மெழுகுவர்த்தி, பலூன் பாக்கெட். எனக்கு டம்ளரில் காபி கொடுத்துவிட்டு, அவர் பாட்டில் மூடியில் ஊற்றிக் குடித்தார். எல்லாரும் சௌக்கியம் என்று அவர் சொன்னதெல்லாம் இந்த ஒரு ஆளைத்தான் என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"கோவமா இருப்பீகன்னு நெனச்சேன்க்கா."

"இல்லாம? மாயக்கா மேல இல்ல, அவுகளுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். உங்க மேலதான் டீச்சர். நீங்க படிச்சவங்க. என்னையப் பாத்துட்டு, பாக்காத மாதிரி திரும்புனீங்கள்ல."

"தப்புத்தான்க்கா. மாயக்காகிட்ட உங்களப் பத்திச் சொன்னதும் நான்தான்." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

"ரெண்டு வெள்ளிக்கிழமையும் கூடையத் தூக்கிட்டு மாட்டுத்தாவணி வரைக்கும் வந்தேன் டீச்சர். உங்க ஊர் பஸ் எடுத்துட்டுப் போற வரைக்கும் நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டேன். அந்த பதினஞ்சு நாள்ல என்கிட்டப் பேசுனது பால்காரரும் கண்டக்டரும்தான்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார், "வார வெள்ளிக்கிழமை வாரேன்."

எனக்கு மூச்சு வந்தது. "அப்ப மன்னிச்சுட்டீகளாக்கா?"

"மன்னிக்கல டீச்சர். கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கும் வேற ஒரு இடம் இருக்கணும்ல? எனக்கு எங்க இருக்கு?"