கைடு வீட்டுக்குப் போன கிஃப்ட் பாக்ஸ்

பத்தாம் வகுப்போடு நின்றவள் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் போய் வருகிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில், அதன் கழிப்பறைகளைச் சுத்தம் செய்வது என் வேலை.

இங்கே ஒவ்வொரு கழிப்பறைக் கதவின் உட்புறமும் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும். ஆசிரியரோ மாணவரோ உங்களிடம் தவறாக நடந்தால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று. வந்த புதிதில் ஏதோ விளம்பரம் என்று நினைத்து மினுங்க மினுங்கத் துடைத்திருக்கிறேன். அர்த்தம் தெரிந்த அன்று எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. இதைப் போய் கதவில் ஒட்டுவார்களா?

எங்கள் ஊரான திருத்தங்கலில் என் அண்ணன் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அவர் மகள் பவித்ரா, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பி.எச்டி. படிக்கிறவள். அவளுடைய ஆய்வு வழிகாட்டியான கைடு, ஆய்வேட்டில் திருத்தம் சொல்ல வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தன் அறைக்கு வரச்சொல்வார். தோளில் கை வைப்பார். ஒருநாள் கை தோளோடு நிற்கவில்லை. பவித்ரா போவதை நிறுத்தினாள். அவர் கையெழுத்துப் போடுவதை நிறுத்தினார். அவள் பல்கலைக்கழகத்தின் புகார்க் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எனக்குத்தான் முதலில் சொன்னாள், பிறகு தன் அம்மாவுக்கு. அண்ணனிடம் மதினி பாதியைத்தான் சொன்னார்: "கைடு கையெழுத்துப் போட மாட்டேங்காராம்."

அண்ணன் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். எங்கள் பக்கம் தீபாவளிக்கு முன்னால் டாக்டருக்கு, வாத்தியாருக்கு, கரண்டு பார்க்க வருகிறவருக்கு என்று எல்லாருக்கும் ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் போகும். கொடுக்காவிட்டால்தான் தப்பு. இருப்பதிலேயே பெரிய பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், கைடு வீட்டுக்குப் போய் இரண்டு கையாலும் கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அதைத்தான் குழுவின் முன் வைத்தார். 'நான் தவறு செய்திருந்தால், புகாருக்குப் பிறகு இவளுடைய தகப்பனார் இப்படி வந்து நிற்பாரா?'

பவித்ரா இதை போனில் சொன்ன அன்று, துடைப்பான் கையில் இருக்க, அந்தக் கதவின் முன் அப்படியே நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் ஷரன் பார்த்துவிட்டாள். என்ன என்றாள். "மை டாட்டர்" என்று அந்த அறிவிப்பைக் காட்டினேன். அண்ணன் மகள் எனக்கு மகள்தானே. உடனே ஒரு அறையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, உன் மகள் இங்கே எந்தத் துறையில் படிக்கிறாள் என்று கேட்டாள். "நோ, இண்டியா" என்றதும் அவள் முகம் கொஞ்சம் தளர்ந்தது. தன் பல்கலைக்கழகத்தில் இல்லை என்ற நிம்மதியாக இருக்கலாம். ஆனால் எழுந்து போகவில்லை. இங்கேயும் இத்தனை ஒட்டியும் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், பேசியபிறகு அவர்களோடு நிற்கிறவர்கள் அதைவிடக் குறைவு என்றாள்.

குழு அண்ணனை நேரில் வரச்சொன்னது. அப்போதுதான் அவருக்கு முழுதும் தெரிந்தது. அங்கே போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள், என் மதிய உணவு நேரத்தில், வீடியோவில் கூப்பிட்டேன். அண்ணன் சட்டைகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் போவல. அங்கன அம்புட்டுப் பொம்பளைக முன்னால என்னத்தச் சொல்ல?"

"தெரியாமக் குடுத்தேன்னு சொல்லுங்கண்ணே."

"ஏன் தெரியலன்னு கேப்பாகல்ல? பெத்த அப்பனுக்குத் தெரியாதான்னு கேப்பாக." பக்கத்திலிருந்த மகளைப் பார்க்காமலே கேட்டார்: "என்ட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, படிச்சது போதும், வீட்ல இருன்னுருப்பீக" என்றாள் பவித்ரா.

மதினி இடையில் வந்தார். "இந்தாங்க, சாப்புட்டுட்டுப் பேசுங்க."

"சும்மா இருளா. நீயுந்தான மறச்ச!"

"மறைக்காம? சீசன்ல உங்ககிட்ட நின்னு பேச முடியுமா? நீங்களே ஒரு லட்சுமி வெடி மாதிரிதான இருக்கீக."

யாரும் சிரிக்கவில்லை. பவித்ரா மெதுவாகச் சொன்னாள். "அப்பா, அந்தப் படத்துல நீங்க சிரிச்சுக்கிட்டு இருக்கீக. குழுவுல உள்ளவுக உங்களப் பாத்துட்டு என்னையப் பாக்குறாக. நீங்க வரலேன்னா அந்தப் படந்தான் உங்க பேச்சு."

எனக்கு வேலை நேரம் ஆகிவிட்டது. போனை அணைத்துவிட்டு நடந்தேன். இங்கே எனக்குப் பொழுது முதலில் விடிந்துவிடும். அங்கே அவர் போனாரா இல்லையா என்பது தெரியாமலே நான் பாதி நாளைக் கடந்திருப்பேன். இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில மணி நேரம்தான், பல வருடங்களாக, நான் குடியிருக்கும் இடம்.

மறுநாள் அண்ணன் போனார். தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார் என்று பயந்து மகள் தன்னிடம் மறைத்ததை, அது தெரியாமல் பெட்டி கொடுத்ததை, அவரே குழுவிடம் சொன்னாராம். விசாரணை இன்னும் முடியவில்லை. அப்பாவும் மகளும் ஒரே பஸ்ஸில் வீடு திரும்பினார்கள் என்று மதினி செய்தி அனுப்பினார்.