மாத்திரைக்கும் மோருக்கும் நடுவே

பம்மலில் விளக்கு வைத்த பிறகு யார் வீட்டிலும் மோர் கேட்கக் கூடாது. இது தெரியாமல், வந்த புதிதில் ஒரு நாள் பொழுது சாய்ந்ததும், பாலுக்கு உறை ஊற்ற ஒரு கரண்டி மோர் வாங்கிவரச் சொல்லி என் மனைவி மரகதத்தை அனுப்பினேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா இந்த ஊரிலேயே பிறந்தவர், இரண்டு எருமை வைத்திருப்பவர். வாசலிலேயே நிறுத்திவிட்டார். "வெளக்கு வெச்சாச்சு. இப்போ வந்து மோர் கேக்கறியே, இன்னா ஊர்லேந்து வந்தீங்க நீங்கல்லாம்?" பர்மாவிலிருந்து என்று மரகதம் பணிவாகப் பதில் சொல்லிவிட்டு வந்தாள். அவர் திட்டினார் என்பதே எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. ஆனால் மறுநாள் விடிந்ததும் மதில் மேல் ஒரு சொம்பு மோர் இருந்தது. அன்று தொடங்கியது, இன்றுவரை நிற்கவில்லை.

பர்மாவில், பெகு நகரில் நாங்கள் இருந்த அரிசி ஆலைச் சந்தில் மாடு கிடையாது. டப்பாப் பால் போட்ட தேநீர், சோற்றுக்கு ஙப்பி, அதாவது மீனைப் புளிக்கவைத்து இடித்த விழுது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு மூட்டை தைக்கப் போன எனக்கு அந்த வாசனைதான் வீடு. ஒரு தடவை இங்கே மரகதம் கருவாட்டை இடித்து அதுபோலச் செய்தாள். தெருவே மூக்கைப் பிடித்தது. "எலி கிலி செத்துக் கீதா பாரு" என்றார் கன்னியம்மா அக்கா. அதன்பின் நாங்கள் மோருக்கு மாறிவிட்டோம். உண்மையில் அந்த மோர் நல்லதுதான். கப்பலை விட்டு இறங்கியதிலிருந்து தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் கழிந்துகொண்டிருந்த வயிறு, அதைக் குடித்த பிறகுதான் அடங்கியது. எனக்குக் கோயில் தீர்த்தம் போல அதன்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

மரகதம் உண்டானபோது உதடு வெளுத்திருந்தது. மாடிப்படி இல்லாத வீட்டில் மூச்சு வாங்கினாள். பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பாள். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் வரும், தாம்பரத்து டாக்டரம்மாவிடம் ஓடினேன். இரத்தத்தில் இரும்பு இல்லை என்று கறுப்பு மாத்திரை கொடுத்தார். அதை விழுங்கினால் வயிறு எரிகிறது என்று இவள் அழுதாள். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வைத்தியம் வந்தது. "இரும்பு சூடு யம்மா. வெறும் தண்ணில போட்டா கொடல் வெந்துடும். மோர்ல போடு."

எரிச்சல் குறைந்தது. எனக்கு நிம்மதி. தோல் பதனிடும் ஷெட்டுக்கு வேலைக்குக் கிளம்புமுன் நானே ஒரு டம்ளர் மோரும் மாத்திரையுமாக அவள் முன் நிற்பேன். கடைசிச் சொட்டுவரை குடிக்கிறாளா என்று பார்ப்பேன். மறந்துவிட்டோமோ என்று பாதி வழியில் திரும்பி வந்து கேட்டதும் உண்டு.

ஏழாம் மாதம் டாக்டரம்மா அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "மாத்திரையைக் குப்பைல போடறீங்களா?"

"இல்லீங்கம்மா. நானே கையால குடுக்கிறேன். ஒரு நாளும் தப்பல."

"எதுல குடுக்கறீங்க?"

"மோர்லதாம்மா. முழு டம்ளர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பால், தயிர், மோர், டீ எதுவும் அதோட சேரக் கூடாது. சேர்ந்தா இரும்பு உடம்புல சரியா ஒட்டாது. ரெண்டு மணி நேரம் விட்டுத்தான் குடிக்கணும். யாரும் சொல்லலியா?" நீங்கள்தானே சொல்லியிருக்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. வந்தேறிக்குப் பேச்சு அவ்வளவு தூரம்தான் வரும்.

குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று நாள் இருந்தது. "மோராலதான்னு சொல்ல முடியாது, மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. அன்று கன்னியம்மா அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மரகதத்தின் வாயருகே டம்ளரைப் பிடித்தார். "வயிறு காயாம குடி கண்ணு." அவரிடம் எப்படிச் சொல்வேன்? இந்த ஊரில் எங்களைக் கண்ணு என்று கூப்பிட வேறு ஆள் இல்லை.

மரகதத்திடமும் சொல்லவில்லை. கப்பலில் வந்தவர்களும் இன்னும் அங்கேயே இருப்பவர்களும் படிக்கும் இந்தத் தாளில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்த மாத்திரை கொடுத்திருந்தால், எதில் கொடுப்பது என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அவள் உதடு இன்னும் வெளுப்புதான். இப்போது காலை ஏழு மணிக்கு எலுமிச்சைத் தண்ணீரில் மாத்திரை கொடுக்கிறேன். ஏன் மாற்றினீர்கள் என்றாள். டாக்டர் மாற்றச் சொன்னார் என்றேன். அதற்குள் மதில் மேல் சொம்பு வந்துவிடுகிறது. எடுத்து உள்ளே வைத்து, தட்டுப் போட்டு மூடுகிறேன். ரங்கூனில் வாங்கிய என் கைக்கடிகாரம் இன்னும் அந்த ஊர் நேரத்திலேயே ஓடுகிறது, இங்கத்து நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால். திருப்பி வைக்க மனம் வரவில்லை.

"ஒன்பது மணிக்குக் குடி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுகிறேன். மூடிய சொம்பைப் பார்த்துக்கொண்டே மரகதம் தினமும் கேட்கிறாள்: "இந்த ஊர் ஒன்பதா, அந்த ஊர் ஒன்பதா?"