நீலக் கதவு

எங்கள் தீவில், டாலிகஞ்ச் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பியூன் வேலை எனக்கு. சரித்திர நாவல் எழுதும் ஒரு மேடம் மெயின்லேண்டிலிருந்து பேச வந்திருந்தார். மழை. ஹால் வாசலில் கால் துடைக்கச் சாக்கு போட்டேன். அது நனைந்து வாசனை எழுந்ததும் நான் பிறந்து வளர்ந்த சிப்பிகாட் வீடு ஞாபகம் வந்துவிட்டது.

சுனாமியில் நிலம் இறங்கி, கடல்தண்ணீர் ஏறி, அந்த வீடும் வயலும் போய்விட்டன. ஒரு போட்டோகூடக் கிடையாது. நான் மறந்தால் போச்சு. வயலில் தவளை கத்துவதும், தகரக் கூரையில் மழை விழுவதும், அக்கா அடுப்பு ஊதுவதும், அந்தப் புகை வெளியே போக மனமில்லாமல் வாசலிலேயே நிற்பதும் அப்படியே நினைவில் இருந்தன. கதவு என்ன நிறம் என்று மட்டும் தெரியவில்லை.

ஒரு மாணவி எழுந்தாள்.

"பார்க்காததை எழுதினா ஜூட் இல்லையா மேடம்?"

பொய் என்ற சொல்லை இங்கே பிள்ளைகள் இந்தியில்தான் சொல்லும்.

மேடம் சிரித்தார். "தெரிஞ்சவங்ககிட்ட கேட்பேன்மா. யாருக்குமே தெரியாத இடத்துல மட்டும் நானா ஒண்ணு வச்சுக்குவேன்."

நானும் வைத்துப் பார்த்தேன். நீலக் கதவு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேட்க அக்கா இருக்கிறாள். சாயங்காலம் போன் போட்டேன்.

"நம்ம சிப்பிகாட் வீட்டுக் கதவு நீலமா அக்கா?"

"ஜூட் பேசாதடா. நமக்கு ஏது கதவு? சாக்குதானே தொங்குச்சு."

மறுநாள், கால் துடைக்கப் போட்டிருந்த சாக்கை அலசி ஹால் வாசலிலேயே தொங்கவிட்டேன். காய்கிறவரை எல்லாரும் அதை விலக்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள்.