எலும்பக்காவும் ஊதுபாறையும்

அந்த ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாக எக்ஸ்ரே எடுப்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் எலும்பக்காதான்.

ஜன்னல் இல்லாத அறை. தோளால் முட்டித் தள்ள வேண்டிய கதவு. காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை அங்கே நின்றுகொண்டு, "மூச்சை இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க... விடுங்க" என்று நாளுக்கு நூறு தடவையாவது சொல்வாள். தூக்கத்திலும் சொல்கிறாள் என்பது அவள் கணவரின் புகார்.

"நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கிறேன். இவ 'விடுங்க'ன்னு சொல்லாமலே குறட்டை விட ஆரம்பிச்சுடுறா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவருக்குக் கைக்கடிகாரம் பழுது பார்க்கிற தொழில்.

மகள் வெளியூருக்கு வேலைக்குப் போனபோது ஒரு கேமராவை அலமாரியில் விட்டுவிட்டுப் போனாள். அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எலும்பக்கா கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். வசந்தம் பிறந்ததும் தொடங்கி, இலையுதிர்காலம் முடிகிற வரைக்கும் ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் ஓடும் சுற்றுலா பஸ் அது. விடிந்ததும் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

மணல் விரித்த கடற்கரை அல்ல அது. பச்சைப் புல்மேடு விளிம்பு வரைக்கும் வந்து, சட்டென்று அறுந்து, கறுத்த பாறைகளாகக் கடலுக்குள் இறங்கும். காற்று ஆளைத் தள்ளும். முதல் நாள் அவள் நாற்பது படம் எடுத்தாள். முப்பத்தெட்டு கலங்கியிருந்தன. மிச்சம் இரண்டில் அவள் கட்டைவிரல் தெளிவாக விழுந்திருந்தது.

"இது கடலா, கைரேகையா?" என்றார் கணவர்.

"சிரிங்க சிரிங்க. பூனைக்கும் ஒரு காலம் வரும்."

அடுத்த பஸ்ஸிலும் போனாள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, தன் மூச்சைத் தானே பிடித்துக்கொண்டு எடுத்தால் படம் ஆடாது என்று கண்டுபிடித்தாள். ஊருக்கெல்லாம் சொன்னது தனக்கு இத்தனை நாள் தோன்றவில்லையே என்று பாறை மேல் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். வசந்தத்தில் பாறை இடுக்குகளில் மஞ்சள் பூ. கோடையில் முழங்காலளவு புல். பிறகு புல் துருப்பிடித்த நிறமாகி, அலை உயரும்.

ஊதுபாறையைப் பற்றி அவளுக்குச் சொன்னவர் பஸ் டிரைவர். நிலம் கடலுக்குள் நீளும் முனையை ஒட்டி ஒரு தட்டைப் பாறை. நடுவில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. கடல் ஏறியிருக்கும்போது காற்றும் சரியான திசையிலிருந்து அடித்தால், அடியில் புகுந்த தண்ணீர் அந்த ஓட்டை வழியாக இரண்டு மாடி உயரத்துக்குப் பீறிடுமாம்.

"பத்து வருஷத்துல மூணு தடவைதான் பார்த்திருக்கேன், அக்கா."

"நாலாவது தடவை நான் பார்க்கிறேன், தம்பி."

மூன்று வருஷம் காத்திருந்தாள். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். கடல் ஏறினால் காற்று இல்லை. காற்று வந்தால் கடல் இறங்கியிருந்தது. இரண்டும் கூடி வந்த நாளில் பஸ் பாதி வழியில் பஞ்சர்.

கணவர் மட்டும் கூட வர மசியவில்லை. பஸ் போகிற மலைப்பாதை வளைவு அவர் வயிற்றுக்கு ஆகாது. ஆனால் ஒருநாள், பாறைமேல் வட்ட வட்டமாகப் பூத்திருந்த பாசியை அவள் கிட்டத்தில் எடுத்த படத்தைக் கடைக்குக் கொண்டுபோனாள். அவர் கடிகாரம் பார்க்கிற கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, அதைப் பத்து நிமிஷம் பார்த்தார்.

"பல்சக்கரம் மாதிரியே இருக்கு. நிஜமாவே இப்படித்தானா?"

"வந்து பாருங்களேன். வர்ற ஞாயிறுதான் இந்த வருஷத்துக் கடைசி பஸ்."

எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்து சேர்ந்தார். இறங்கியவுடன் பாசியைத் தேடிப் போனவரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு அலுத்துவிட்டது.

கிளம்புகிற நேரம். "வருஷக் கடைசி, எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுங்க, அக்கா" என்றார்கள் பஸ்ஸில் வந்தவர்கள். முனையில் கயிறு கட்டிய வேலிக்கு இந்தப் பக்கம், கடலுக்கு முதுகு காட்டி முப்பது பேரும் வரிசையில் நின்றார்கள். நடுவில் கணவர், பக்கத்தில் டிரைவர். காற்றில் தலைமுடியும் துப்பட்டாவும் பறந்தன. எலும்பக்கா கேமராவைத் தூக்கினாள். பழக்கதோஷம், வாய் தானாகச் சொன்னது:

"மூச்சை இழுங்க. பிடிங்க. ஆடாதீங்க."

முப்பது பேரும் மார்பை நிமிர்த்தி, கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார்கள். அந்த நொடியில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஊதுபாறை ஊதியது. வெள்ளை மரம் ஒன்று முளைத்து வளர்வதுபோலத் தண்ணீர் எழுந்தது. அவள் முழங்கையை விலாவோடு ஒட்டினாள். கை ஆடவில்லை. அமுக்கினாள். "விடுங்க" என்று அவள் சொல்வதற்குள் மரம் அப்படியே அவர்கள் தலைமேல் சாய்ந்தது.

முதலில் சிரித்தது டிரைவர். பிறகு எந்தச் சிரிப்பு யாருடையது என்றே தெரியவில்லை. கணவர் மூக்கு நுனியிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட அவளிடம் வந்தார்.

"இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தி, கடைசியில என்னைத் தண்ணி தெளிச்சு விட்டுட்டியே."

சிரித்துச் சிரித்து, ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

படத்தைப் பெரிதாக்கி எக்ஸ்ரே அறைக்கு வெளியே மாட்டச் சொன்னவர் பெரிய டாக்டர். கையை ஒடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி வருகிறவர்கள்கூட, உப்பிய கன்னங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'ஐயோ வலிக்குது' என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்த வசந்தத்தின் முதல் பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே ஏறினார்கள். முனைக்குப் போகிற பாதை பிரியும் இடத்தில், வடக்கே திரும்பச் சொன்னாள் எலும்பக்கா.

"அங்க என்ன இருக்கு, அக்கா?" என்றார் டிரைவர்.

"தெரியலையே, தம்பி. அதான் போய்ப் பார்க்கலாம்னு."

பின்னாலிருந்து யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டிரைவர் வண்டியை வடக்கே திருப்பினார்.