மாஸ்டரை ஊத விடுங்கள்

எனக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. அதிலும் மைக் வைத்த கூட்டம் என்றால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன். அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஜோகூர் மாநிலத்து மாசாயில் ஒரு சின்ன பாரில், முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் வெயில் தாழும் முன்பே போய் உட்கார்ந்தேன் என்றால், அதற்கு ஒரே காரணம் சாக்ஸபோன் மாஸ்டர்.

என் அப்பா யோங் பெங்கில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். லோரியில் இருந்தது ஒரே ஒரு கேசட், நம் ஊர் இசைக்குழு போட்டது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் மாஸ்டரின் சாக்ஸபோன் தனியாக வரும். ஏறும், இன்னும் ஏறும், அடுத்த படியில் கால் வைக்கப் போகிற இடத்தில் டக்கென்று நின்றுவிடும். நாடா கெட்டுப்போச்சு என்பார் அப்பா. அந்தப் பாட்டு வேறெங்கும் கிடைக்கவில்லை, யூடியூபில்கூட இல்லை. மோட்டார் சைக்கிளில் போகும்போது நானே ஒரு முடிவை விசிலடித்துப் பார்ப்பேன். ஒருநாளும் மனசுக்கு ஒட்டியதில்லை. அந்த முடிவைக் கேட்கத்தான் போயிருந்தேன்.

பார் நடத்தும் அக்கா ஆரம்பத்திலேயே எச்சரித்துவிட்டார்.

"எட்டு மணிக்கு ஜோகூர் ஃபுட்பால் மேட்ச் இருக்கு. ஸ்பீக்கர டிவிக்கு மாத்திருவேன். அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிருங்க லா."

மாஸ்டர் வந்தார். எழுபதைத் தாண்டியவர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. உட்கார்ந்த உடனே, ஊதுவாயில் பொருத்தும் அந்த மெல்லிய நாணல் தகட்டை நாக்கில் வைத்து ஈரமாக்கத் தொடங்கினார். எனக்குப் புல்லரித்தது. அந்த நேரம் பார்த்து அறிவிப்பாளர் மைக்கைத் தட்டினார்.

"இசைக்கு முன்பாக ஒரு சிறிய பாராட்டு!"

நம்மவர்கள் கையில் ஒரு கலைஞர் கிடைத்துவிட்டால் கௌரவிக்காமல் விடுவோமா? தண்ணீர்ப் பந்தல் குழுத் தலைவர் பொன்னாடை போர்த்தி இரண்டு வார்த்தை பேசினார். மோட்டார் சைக்கிள் குழுத் தலைவர் பொன்னாடை போர்த்தி இரண்டு வார்த்தை பேசினார். இரண்டு வார்த்தை என்று தொடங்கிய எவரும் இரண்டு வார்த்தையில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. ஒருவர் கார் நிறுத்த இடமில்லாததைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் தம் மகள் பரீட்சையில் தேறியதைப் பற்றிப் பேசினார். பொன்னாடை தீர்ந்துபோனதும் ஒருவர் தம் கழுத்திலிருந்த காற்பந்து மப்ளரைக் கழற்றிப் போர்த்தினார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஒரு புது மேசைத்துணிகூட வந்தது. மாஸ்டர் துணிக்கடை மூட்டைபோல உட்கார்ந்திருந்தார். மடியில் பழத்தட்டு. சந்தன மாலை சாக்ஸபோன் விசைகளில் சிக்கியிருந்தது. ஒவ்வொரு பேச்சு முடியும்போதும் அவர் தகட்டைப் பொருத்துவார், அடுத்த பெயரை அழைப்பார்கள், கழற்றி மறுபடி நாக்கில் வைத்துக்கொள்வார்.

கடைசியாக வந்த பிரமுகர், வேறு நிகழ்ச்சியிலிருந்து அவசரமாக ஓடி வந்தவர். "நம்மை விட்டு மறைந்த மாபெரும் கலைஞர்" என்று ஆரம்பித்து, ஒரு நிமிட மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொன்னார். சொன்னால் நிற்கிற பழக்கம், எல்லாரும் நின்றோம். மாஸ்டரும் பழத்தட்டோடு எழுந்து தலைகுனிந்து நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக் வயரைப் பிடுங்கியிருப்பேன், ஆனால் அஞ்சலியில் எப்படி அசைவது?

மௌனம் முடிந்து பிரமுகர் பேச ஆரம்பித்தார். மாஸ்டர் தட்டையும் துணிகளையும் நாற்காலியில் இறக்கி வைத்துவிட்டு, சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். போனவர் வரவில்லை. மணி எட்டை நெருங்கியது. பயந்துபோய்ப் பின்னால் ஓடினேன். அந்த பாரில் இருப்பது ஒரே கழிப்பறை. கதவு பூட்டியிருந்தது.

"மாஸ்டர், உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணுமில்ல தம்பி. இங்கதான் யாரும் சால்வ போட மாட்டாங்க."

"அந்த மௌன அஞ்சலி... ரொம்ப அநியாயம் மாஸ்டர்."

"அந்த ஒரு நிமிஷம்தான் நல்ல அமைதியா இருந்திச்சு. ஊதலாம்னு பாத்தேன். ஆனா எனக்குத்தான அஞ்சலி, நானே ஊதுனா மரியாதையா இருக்காதே."

விட்டால் கிடைக்காது என்று கதவோடு வாயை வைத்து, லோரியையும் கேசட்டையும் பாதியில் நின்ற அந்த இடத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"நாடா கெடல தம்பி. பாட்டே அங்கதான் நிக்கிது. ரெக்கார்டிங் நடுவுல ஸ்பான்சர் வந்து ரெண்டு வார்த்த பேசணும்னாரு. அவரு முடிக்கறதுக்குள்ள ஸ்டூடியோ நேரம் முடிஞ்சிருச்சு. அப்படியே வெளியிட்டுட்டாங்க."

"அப்போ முடிவு?"

"முடிவு எங்கிட்ட இருக்கு. யாரு ஊத விட்டா?"

உள்ளே தகட்டைப் பொருத்தும் சத்தம் கேட்டது. இதற்குள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒருவர் வேகமாக வந்து எனக்குப் பின்னால் நின்றார். நின்ற கோலமே அவசரத்தைச் சொன்னது.

"அலமாக், உள்ள யாரு?"

"மாஸ்டர்."

"எப்ப வருவாரு?"

"பாட்டு முடிஞ்சதும்."

உள்ளிருந்து சாக்ஸபோன் எழுந்தது. ஓடு பதித்த சுவர்கள் அதை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தன. வெளியே மைக்கில் அறிவிப்பாளர் கத்தினார்: "யாருப்பா பாட்டு போட்டது? சத்தத்தக் கொறைங்க, தலைவர் பேசுறாரு!" அக்கா ஸ்பீக்கரைக் குறைத்தார். பேச்சுதான் குறைந்தது.

ஏறியது, இன்னும் ஏறியது, கேசட் நின்ற அந்தப் படிக்கு வந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். என் விசில் எப்போதும் அங்கிருந்து மேலேதான் போகும். மாஸ்டர் மேலே போகவே இல்லை. மெதுவாக, ஒவ்வொன்றாக, கீழே இறங்கினார். நாளெல்லாம் லோரி ஓட்டிய மனிதன் வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவதுபோல் வந்து நின்றார். அப்பா இதைக் கேட்காமலே போய்விட்டாரே என்று நினைத்தேன், அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றவர் கண்ணிலும் நீர். அவர் ஒருமுறைகூடக் கதவைத் தட்டவில்லை.

தாழ்ப்பாள் திறந்தது.

"முடிஞ்சிச்சா மாஸ்டர்?" என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர்.

"முடிஞ்சிருச்சுப்பா," என்றார் மாஸ்டர். கேட்டவர் உள்ளே பாய்ந்தார்.

அந்நேரம் அறிவிப்பாளரின் குரல் வந்தது: "நேரமின்மை காரணமாக மாஸ்டரின் இசை இடம்பெறவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். விழா இனிதே நிறைவுற்றது!" மேட்ச் தொடங்கப்போகிற சந்தோஷத்தில் பாரே அதிரக் கைதட்டினார்கள். மாஸ்டர் சாக்ஸபோனை மார்போடு அணைத்து, கழிப்பறை வாசலில் நின்றபடி, அந்தக் கைதட்டலுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். நானும் கை வலிக்கத் தட்டினேன்.