ஹந்தானைக்குப் போய்ச் சேராத ஓட்டோ

கொம்பியூட்டர் கேம் செய்யும் தொழிலில் ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டால் திரையில் ஓட்டோ ஒரு முழம் நகரும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் இதையெல்லாம் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. சண்டைக் காலத்தில் கண்டியில் எதையாவது செய்து பிழைத்தவர்கள் நீங்கள் என்றால் விளங்கிக்கொள்வீர்கள். நான் தையல் கடை நடத்திய மாடி அறையில்தான் கம்பெனியைத் தொடங்கினேன். வேலை தெரிந்த ஒரே ஆள் நேசன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அம்பிட்டியவில் அறை எடுத்து இருந்தான். எங்கள் முதல் கேம், குட்ஷெட் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹந்தானை மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஓட்டோ.

வெடிச்சத்தம்

ஓட்டோ பள்ளத்தில் விழுந்தால் வெடிக்க வேண்டுமாம். சத்தம் சரியா என்று பார்க்க நேசன் ஸ்பீக்கரை ஜன்னலோரம் வைத்துப் போட்டான். நான் மேசைக்கு அடியில் போய்விட்டேன். எழுந்து எட்டிப் பார்த்தால் தெருவில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. ரோட்டில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கீழே இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். இரும்புக்கடை முதலாளி ஷட்டரைப் பாதி தூக்கித் தலையை மட்டும் நீட்டினார்.

"பரவாயில்ல அக்கா. அடுத்த தடவ வெடிக்கிறதுக்கு முந்தி ஒரு வார்த்த சொல்லுங்க, சோத்தத் தின்னுட்டு மூடுறேன்."

சுவரில் ஒட்டிய ரோட்டு

ஹந்தானை வரை முழு ரோட்டையும் பெரிய தாளில் கீறி, ஓட்டோ வெடிக்கும் இடங்களில் சிவப்பில் எக்ஸ் மாதிரிப் புள்ளடி போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தான் நேசன். "கழட்டு தம்பி" என்று தினமும் சொன்னேன். "ஓம் அக்கா, கழட்டுறன்" என்று அவனும் தினமும் சொன்னான்.

வெளியூர் ஆட்களின் பதிவைப் பார்க்க வந்த பொலிஸ் சார்ஜன்ட், நேசனின் அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். நேசன், தாள், கொம்பியூட்டர் மூன்றையும் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். நான் பின்னாலேயே போய் ஸ்டேஷன் வாங்கில் உட்கார்ந்து எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். உள்ளே சார்ஜன்ட் கேமை விளையாடிப் பார்த்தாராம். சாயங்காலம் நேசனை விட்டார்கள், தாளை விடவில்லை. வாசலில் சார்ஜன்ட் என்னைக் கூப்பிட்டு அரைத் தமிழில் சொன்னார்:

"நோனா, பொடியன் நல்ல ஆள். ரோட்டுதான் பிழை. அந்தப் பெரிய வளைவு அப்பிடித் திரும்புறது இல்ல."

சோதனைச்சாவடி

அடுத்த முறை அவனை விடாவிட்டால்? வெடியை எடுக்கச் சொன்னேன். வளைவுக்கு வளைவு சோதனைச்சாவடி வைக்கச் சொன்னேன். ஓட்டோ நிற்கும், எல்லோரும் இறங்குவார்கள், ஐசி அட்டையைக் காட்டுவார்கள், ஏறுவார்கள். டவுனில் சீடி கடை வைத்திருந்தவரிடம் விற்கக் கொடுத்தேன். அவர் வெகு நேரம் விளையாடினார். பாதி மலைகூட ஏறவில்லை.

"அக்கா, இத நாங்க தினமும் சும்மாவே வெளையாடுறோமே, இதுக்கு எதுக்குக் கொம்பியூட்டர்?"

மீன்தொட்டி

பிறகு ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில் நேசனோடு அறையில் இருந்தவனைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவில்லை. நேசனுக்கும் அப்படி ஆகுமோ என்று பயந்தேன். ரோட்டை அழி, ஓட்டோவை அழி, ஹந்தானையையும் அழி, ஒரு மீன்தொட்டி மட்டும் போடு என்றேன். நேசன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஓம் அக்கா, அழிக்கிறன். மீனுகளுக்கும் ஐசி வேணுமோ?"

இப்படியாக நாங்கள் தப்பிக்க நான் கடைசியில் செய்து முடித்தது யாரும் எந்த ஊருக்கும் போகாத ஒரு கேம். அதைப் பற்றிப் பொலிஸிலும் யாரும் விசாரிக்கவில்லை, கடையிலும் யாரும் விசாரிக்கவில்லை.