வாசலுக்கு வெளியே வளர்ந்த மரம்

எண்பதுகளின் தொடக்கத்தில், சனிக்கிழமைதோறும் வேலணையிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்குப் போய் கம்ப்யூட்டர் படித்தேன். கம்ப்யூட்டர் கொழும்பில் இருந்தது; எங்களிடம் கரும்பலகை இருந்தது. கடைசிச் சோதனையில் முதலாவதாக வருபவர் கொழும்பில் ஆறு மாதம் உண்மையான இயந்திரத்தில் பழகலாம். ஒரே ஒரு இடம். நான் சூட்கேசும் வாங்கிவிட்டேன்.

சோதனைக்கு ஆளுக்கு நாற்பது அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு எண். முதல் அட்டையைத் தரையில் வைக்க வேண்டும். அடுத்தது அதைவிடச் சிறிதென்றால் இடப்பக்கக் கிளை, பெரிதென்றால் வலப்பக்கக் கிளை. அங்கே ஏற்கெனவே அட்டை இருந்தால் அதனோடும் ஒப்பிட்டு இன்னும் கீழே இறங்க வேண்டும். இப்படிக் கிளைவிட்டு வளர்வதற்கு ‘மரம்’ என்று பெயர். பிறகு, கேட்கும் எண்ணை அதே வழியில் தேடிப் பிடிக்க வேண்டும்.

பதினைந்து வருடம் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன் கலைந்த அட்டைக்கட்டை அப்படியே தொடுவானா? முதலில் எல்லாவற்றையும் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினேன். பக்கத்தில், என்னோடு படித்த காரைநகர் ரீச்சர் அட்டைகளைக் கைக்கு வந்தபடி வைத்துக்கொண்டிருந்தார். பாவம், ஒழுங்கில்லாத மனுசி என்று நினைத்தேன்.

பிறகு வைக்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிது. வலம். வலம். வலம். பதினெட்டாவது அட்டையில் வாசற்படி வந்தது. மிச்சத்தை விறாந்தையில் வைத்தேன்.

படிப்பித்தவர் என்னைவிட இளையவர். வந்து பார்த்தார்.

“அண்ணை, எங்க உங்கட மரம்?”

“இதுதான் மாஸ்டர்.”

“இது பனையெல்லோ! ஒரு கொப்பும் இல்லை.”

தொண்ணூற்றெட்டைத் தேடச் சொன்னார். ரீச்சர் ஆறு அட்டை பார்த்துக் கையை உயர்த்தினார். என்னுடைய வரிசையில் அது நாற்பதாவது அட்டை. ஒவ்வொன்றாகப் பார்த்தபடி விறாந்தை முழுக்க நடந்தேன்.

“அப்பிடியே கடற்கரை வரைக்கும் நடவுங்கோ அண்ணை, நயினாதீவு லாஞ்சைப் பிடிக்கலாம்,” என்றார் ரீச்சர்.

அதோடு விட்டாரா மாஸ்டர்? ரீச்சரின் மரத்தை வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு அட்டையிலும் முதலில் இடப்பக்கம், பிறகு அந்த அட்டை, பிறகு வலப்பக்கம். எண்கள் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையாக வந்து விழுந்தன.

“ஒழுங்கை மரம் பாத்துக்கொள்ளும் அண்ணை. நீங்கள் கலைச்சுக் குடுத்திருந்தாப் போதும்.”

ரீச்சருக்குக் கொழும்பு. எனக்கு வேலணை பஸ்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள். “என்னப்பா, இடம் கிடைச்சுதோ?”

“எல்லாம் ஒழுங்காத்தான் செய்தனான்.”

அவளுக்கு விளங்கிவிட்டது. “அப்ப அந்தச் சூட்கேசுக்குள்ள விதை வெங்காயத்தைப் போடட்டே?”

“போடும். ஆனா சின்னன் பெரிசு பாத்து அடுக்காதையும்.”